பேப்பருக்கு வராத கலக்ஸி

கலக்ஸிகள் எத்தனை வகை என்று கேட்டால் நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்வார்கள்: சுருள், நீள்வளையம், ஒழுங்கற்றது. புள்ளி கிடைத்துவிடும். இந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஒன்றைப் பற்றி நாம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

டிராகோ என்னும் வடவானத்து நட்சத்திரக் கூட்டத்தின் பக்கமாக, சுமார் 5 கோடி ஒளியாண்டு தூரத்தில், என்.ஜி.சி. 5866 என்ற கலக்ஸி இருக்கிறது. வில்லை வடிவமானது. சுருள் கலக்ஸிக்குப் போலத் தட்டு உண்டு, கைகள் இல்லை. புது நட்சத்திரங்கள் பிறக்கத் தேவையான வாயு இவ்வகையில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 1936இல் எட்வின் ஹபிள் இவ்வகைக்குத் தன் வரைபடத்தில் இடம் விட்டபோது, அப்படி ஒன்று இருக்கலாம் என்ற ஊகத்தில்தான் விட்டார்.

வாயு எங்கே போனது? பெரிய கலக்ஸிக் கூட்டங்களில் பதில் ஓரளவு இலகு. அங்கே நிறைந்திருக்கும் சூடான வாயு, ஊடறுத்துப் போகும் கலக்ஸியின் வாயுவை உரித்துவிடும். ஆனால் இது இருப்பது சின்னக் குழுவில். முக்கிய அயலவர்கள் என்.ஜி.சி. 5907, 5879 ஆகிய இரு சுருள் கலக்ஸிகள். அவை வாயுவோடு இருக்க இது மட்டும் ஏன் இப்படி? முன்பு இன்னொரு கலக்ஸியோடு மோதி இணைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். முடிந்த முடிவில்லை.

பெயரிலும் வழக்குண்டு. மெசியே பட்டியலின் 102ஆம் இலக்கம் இதுதான் என்கிறார்கள் பலர். அதைக் கண்டதாகச் சொன்ன பியர் மெஷைனோ, 101ஐயே மறுபடி பதிந்துவிட்டதாக 1783இல் கடிதம் எழுதினார். இன்றும் இரு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு வகுப்பில் இந்த இரண்டையும் அவிழ்த்துவிட்டால் பின்வாங்கு பிள்ளையும் வாய் திறக்கும். ஆனால் நம் ஊரில் வாப்பாமார் கேட்கும் முதல் கேள்வி, "சேர், இது பேப்பருக்கு வருமா?" வராது. ஓ.எல்.லில் இதற்கு அரைப் புள்ளியும் இல்லை. விடை தெரியாத கேள்வியோடு ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்காத பிள்ளை ஏ.எல்.லில் விஞ்ஞானப் பிரிவை எடுத்து என்ன செய்யப் போகிறது?

9ஏ எடுத்தவர்களுக்குப் பெனர் அடிக்க நாம் கணக்குப் பார்ப்பதில்லை. அதில் ஒரு பங்கை ஒதுக்கிப் பாடசாலைக்கு ஒரு தொலைநோக்கி வாங்குவோம். ஜூன் கடைசியில், இரவு ஒன்பது மணியளவில், மைதான லைட்டுகளை அணைத்துவிட்டு வடக்கே பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே தேடலாம். மங்கிய ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஹபிள் தொலைநோக்கியின் படத்தில் பார்த்ததுபோல் இருக்காது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.