கொடுத்தவர் குற்றம், குழந்தைக்குத் தண்டம்!

2000ஆம் ஆண்டு, சிட்னி ஒலிம்பிக். ருமேனியச் சிறுமி ஆந்த்ரேயா ரதுகான், பதினாறு வயதினள், சீருடற்பயிற்சியில் தனிநபர் தங்கம் வென்றாள். வென்ற சில நாட்களிலேயே வெறுங்கழுத்தினள் ஆக்கப்பட்டாள்!

அவள் செய்த பிழை என்ன? சளிக்கு மாத்திரை விழுங்கினாள். தந்தவர் யார்? அணியின் மருத்துவரே! அதிலிருந்த சூடோஎபிட்ரின், அன்று தடைசெய்யப்பட்ட மருந்து. உடலில் இருந்தாலே குற்றம் என்றது விதி. விளையாட்டு நடுவர் மன்றமும் அவள் முறையீட்டைத் தள்ளிற்று.

மருத்துவர்க்கும் அடுத்த இரு ஒலிம்பிக்குகளுக்குத் தடை விதித்தனர். நன்று! நாம் கேட்கிறோம்: பிழை அவருடையதெனில், பதக்கத்தை அவளிடம் பறித்ததேன்?

விலக்களித்தால் ஏய்ப்போரெல்லாம் மருத்துவரைச் சுட்டித் தப்புவர் என்பர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய இயலாதெனில், மன்றம் எதற்கு? விசாரணை எதற்கு?

ஊக்கமருந்து ஒழிக என்பதில் நாம் எவர்க்கும் பின்னிற்போமல்லோம். ஆனால் வேரை விட்டுப் பூவைக் கிள்ளுவது களையெடுப்பாகுமா?

2004இல் அம்மருந்தைத் தடைப்பட்டியலினின்று நீக்கினர்; 2010இல் அளவு வரம்பிட்டு மீண்டும் சேர்த்தனர். பட்டியலைத் திருத்தத் தெரிந்தோர்க்குத் தீர்ப்பைத் திருத்தவா தெரியாது?

விதி வேண்டும், விழியும் வேண்டும். விழியற்ற விதி, நீதியன்று!