கத்தாமல் என்ன செய்வோம்?



"ஏன்யா கத்துறீங்க? மனு கொடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள் அதிகாரிகள். மனு கொடுக்காமலா கத்துகிறோம்? பரந்தூர் விமான நிலையம் வேண்டாமென்று 2022 ஆகஸ்ட் 15 முதல் ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. காகிதத்துக்கு யார் காது கொடுத்தார்கள்? அதனால்தான் ராத்திரி தோறும் பெண்களும் பிள்ளைகளும் கூடிக் கோஷம் போட்டார்கள்.

கம்பெனிப் பெண்களுக்கும் அதே கதிதான். 2021 டிசம்பரில் விடுதிச் சோற்றால் பாக்ஸ்கான் பெண்கள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். மற்ற பெண்கள் நம்ம சுங்குவார்சத்திரம் பக்கம் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்து கத்தினார்கள். பிறகுதான் விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் சரியில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கொண்டது.

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது செத்தவர் காதுக்கா? ஊர் காதுக்கு! கத்தல் வெறும் கோபமல்ல. "வாங்க, கூட நில்லுங்க" என்கிற அழைப்பு. ஒருத்தர் கத்தினால் பைத்தியம் என்பார்கள். ஊரே கத்தினால் ஜீப்பை விட்டு இறங்கிக் கேட்பார்கள்.

அவர்கள் காது கொடுக்கட்டும், நாங்கள் குரலைத் தாழ்த்துகிறோம். அதுவரை, பக்கத்து ஊரில் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். ஓடி வாருங்கள்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்