குழாய்க்குள் ஒரு திருடன்!

குழாயைத் திருகினால் தண்ணீர் நூல் போல வருகிறது. காலையில் பிடிக்கும் முதல் குடம் செம்மண் கரைத்தது போல இருக்கிறது. உடனே, "நகரசபைத் தண்ணீர் மோசம்!" என்று குறை கூறுகிறார்கள்.

பழைய வீடுகள் பலவற்றில் குற்றவாளி தெருவில் இல்லை. சுவருக்குள் இருக்கிறான்!

அந்தக் காலத்து வீடுகளில் இரும்புக் குழாய்தான். உள்ளே துத்தநாகம் பூசி இருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லப் பூச்சு கரைகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. துரு புடைத்து வளர்ந்து, வழியை அடைக்கிறது.

கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்பாக இருந்தால், சுண்ணாம்பும் சேர்ந்து படிகிறது. வெந்நீர்க் குழாயில் இது இன்னும் அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்பது இந்தியத் தர அளவு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அரை அங்குலக் குழாயில் சுற்றிலும் அரைக்கால் அங்குலம் படிந்தால் என்ன ஆகும்? தண்ணீர் செல்லும் வழி கால் பங்காகக் குறைந்துவிடும். முக்கால் பங்கு திருட்டு!

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால், அதன் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊற வைத்துத் தேய்த்தால் போதும். வெந்நீர் மட்டும் குறைந்தால், வெந்நீர்க் கருவியைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் குழாயிலும் குறைந்து, துருவும் வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

ஆசிட் வேண்டாம்!

சிலர் குழாயில் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது துருவோடு இரும்பையும் தின்றுவிடும். துரு அடைத்திருந்த இடம் ஓட்டையாகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மன் படை ஏவிய வாயு அதுதான்!

ஓட்டைக் குழாயும் சிறிய விஷயம் அல்ல. தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊர்களில், தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. அப்போது பக்கத்துச் சாக்கடை நீர் ஓட்டை வழியாக உள்ளே புகும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில் வரும். குழாயை மாற்றும் வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது அவசியம்.

துருப்பிடித்த இரும்புக் குழாய்க்கு மருந்து இல்லை. மாற்றுவதுதான் வழி. குளிர்ந்த நீருக்கு பி.வி.சி. குழாய் போதும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய் வேண்டும். ஒரே நேரத்தில் பணம் இல்லாவிட்டால், சமையல் அறைக் குழாயை முதலில் மாற்றலாம்.

இந்தச் செலவு யாருடையது? குடியிருப்பவர் இன்று இருப்பார், நாளை போவார். குழாய் வீட்டோடு இருக்கும். ஆகவே அது வீட்டுக்காரர் கடமை. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் வீட்டுக்காரர்கள், அந்தச் சுவருக்குள் ஓடும் குழாயையும் கவனிக்க வேண்டும். வெள்ளைச் சுவர் கண்ணுக்கு அழகு. நல்ல தண்ணீரோ குழந்தைகளின் உயிர்!