சீனாவின் தணிக்கை: வரைபடத்தில் தெரிந்த சாம்பல் கட்டங்கள்

2021 அக்டோபரில் சீனாவின் ஆப் ஸ்டோரிலிருந்து 'குர்ஆன் மஜீத்' என்ற செயலியை ஆப்பிள் நிறுவனம் நீக்கியது. கராச்சியைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு அது. சீனாவில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தி வந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. சீன அதிகாரிகளின் கூடுதல் ஆவணங்கள் தேவைப்படும் உள்ளடக்கம் இருக்கிறது என்பதே ஆப்பிள் அவர்களுக்குச் சொன்ன காரணம். பாகிஸ்தானின் செயலி, அமெரிக்காவின் கடை, சீனாவின் விதி!

இந்த நீக்கத்தை முதலில் கவனித்தது, பல நாடுகளின் ஆப் ஸ்டோர்களைத் தொடர்ந்து ஒப்பிட்டு வரும் 'ஆப்பிள் சென்சார்ஷிப்' என்ற இணையதளம். ஒரு நாட்டில் கிடைக்கும் செயலி இன்னொரு நாட்டில் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தணிக்கையைக் கண்டுபிடிக்கும் வழிகளில் பலவும் இப்படி எளிய ஒப்பீடுதான்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் 2020இல் வீசாட் செயலியைச் சோதித்ததும் இதே வழியில்தான். அதற்குமுன் எங்குமே பகிரப்படாத கோப்புகளைச் சீனாவுக்கு வெளியே பதிவு செய்த கணக்குகளுக்கிடையே அனுப்பினார்கள். பிறகு அதே கோப்புகளைச் சீனக் கணக்குகளுக்கு அனுப்பியபோது அவை உடனே தடுக்கப்பட்டன. அதாவது, வெளிநாட்டில் இருவர் தமக்குள் பகிர்ந்துகொண்ட கோப்பும் ஆராயப்பட்டு, உள்நாட்டுத் தடைப்பட்டியலை வளர்க்கப் பயன்பட்டிருக்கிறது. எல்லைக்கு வெளியே இருந்தால் தணிக்கை தொடாது என்று நம்பியவர்கள் இங்குதான் ஏமாந்தார்கள்.

எல்லாவற்றையும் விட நம்மை வியக்க வைத்தது வரைபட விவகாரம். சீனாவின் பைடு வரைபடத்தில், ஏற்கெனவே தெரிந்திருந்த உய்குர் தடுப்பு முகாம்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் தோன்றியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பத்திரிகையாளர் மேகா ராஜகோபாலனும், கட்டடக் கலைஞர் அலிசன் கில்லிங்கும், கணினி நிரலாளர் கிறிஸ்டோ பூஷெக்கும் இதையே தலைகீழாகத் திருப்பினார்கள். ஷின்ஜியாங் முழுவதும் எங்கெல்லாம் இத்தகைய கட்டங்கள் உள்ளன என்று தேடி, அதே இடங்களை வெளிநாட்டுச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். மின் நிலையங்களும் ராணுவத் தளங்களும்கூட மறைக்கப்பட்டிருந்ததால் சலித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. ஆயினும், 2017க்குப் பின் கட்டப்பட்ட, சிறை அல்லது முகாமின் அடையாளங்கள் கொண்ட 260க்கும் மேற்பட்ட வளாகங்கள் தெரியவந்தன. மேகாவுக்குச் சீனா ஏற்கெனவே விசா மறுத்திருந்தது. அவர் அந்த மண்ணில் கால் வைக்காமலேயே எழுதிய இந்தச் செய்தித் தொடருக்கு 2021இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சீன அரசோ அவற்றைத் தொழிற்பயிற்சி மையங்கள் என்றே கூறி வருகிறது. தொழிற்பயிற்சி மையத்தை வரைபடத்திலிருந்து மறைப்பானேன்?

கருவிகளால் கண்டுபிடிக்க முடியாத தணிக்கையும் இருக்கிறது. 2019 டிசம்பரில் கால்பந்து வீரர் மெசுட் ஓசில் உய்குர் மக்களுக்காகக் குரல் கொடுத்து, முஸ்லிம்களின் மௌனத்தையும் கண்டித்தார். அவருடைய ஆர்சனல் அணி, அது அவரது தனிப்பட்ட கருத்து என்று சீன சமூக ஊடகத்தில் அறிவித்து ஒதுங்கிக்கொண்டது. சீன அரசுத் தொலைக்காட்சி அந்த அணியின் அடுத்த ஆட்டத்தை ஒளிபரப்பவில்லை. சந்தையை இழக்கும் அச்சம் இருக்கும்போது தணிக்கையாளருக்கு வேலையே இல்லை.

முஸ்லிம் அரசுகளின் நிலை இன்னும் வேதனையானது. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, ஷின்ஜியாங்கில் நடப்பவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது. அதைப் பற்றி விவாதிக்கலாமா என்பதற்கு மட்டுமே அக்டோபர் 6 அன்று மனித உரிமைக் கவுன்சிலில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19. எதிர்த்தவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் அடக்கம். மலேசியாவும் இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. சோமாலியா மட்டும் துணிந்து ஆதரித்தது. பொருளாதார நெருக்கடி, சீனக் கடன் என்று எத்தனை காரணம் சொன்னாலும், விவாதமே கூடாது என்று கை தூக்கியதை நம்மால் ஏற்க முடியவில்லை.

சாமானியர்களான நம் கையில் இருப்பது குறைவுதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீக்கப்படலாம் எனத் தோன்றும் ஆவணங்களை இணைய ஆவணக் காப்பகங்களில் சேமிக்கலாம். உய்குர் கொடுமை என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அனுப்பும் முன், அது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று படத் தேடலில் பார்க்கலாம். வேறு நாட்டில் எடுத்த ஒரு படத்தை நாம் பரப்பினால், உண்மையான ஆவணங்களையும் சேர்த்துப் பொய் என்று தள்ள அது பெய்ஜிங்குக்கு வசதியாகிவிடும்.

இது இப்போது கூடுதல் அவசியமாகியிருக்கிறது. அமெரிக்க அரசு நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் உய்குர் சேவை, நிதி நிறுத்தப்பட்டதால் 2025இல் மூடப்பட்டது. அமெரிக்காவுக்கென்று தனி நோக்கங்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆனால் ஷின்ஜியாங்கின் காவல் நிலையங்களுக்கே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, இன்னார் எங்கே என்று உய்குர் மொழியில் கேட்டவர்கள் அந்தச் செய்தியாளர்கள்தான். அப்படிக் கேட்டதற்காக ஊரில் இருந்த அவர்களின் உறவினர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். அந்த அழைப்புகள் 2025இல் நின்றுபோயின.