மூக்குத்தி எந்தப் பக்கம்?

அக்டோபர் பாதி தாண்டினால் உருவப்படம் வரைகிறவர்களின் ஃபோன் ஓயாது. தீபாவளிக்கு முன்பு தொடங்கும் ஆர்டர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று நீண்டு, தை பிறந்த பிறகுதான் மூச்சு விட நேரம் கிடைக்கும். புனேயானாலும் டில்லியானாலும் மதுரையானாலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "அம்மாவுக்கு சர்ப்ரைஸாக் கொடுக்கணும். ஃபோட்டோ அனுப்பியிருக்கேன். அப்படியே இருக்கணும். ஆனா கொஞ்சம் இளமையா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி. சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

அப்படியே இருக்க வேண்டும், ஆனால் அப்படி இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையோடுதான் ஒவ்வொரு ஆர்டரும் வருகிறது. ரவி வர்மா காலத்திலும் இது வேறு மாதிரி இருந்திருக்காது. அவராவது அரண்மனைகளில் ஆளை எதிரே உட்கார வைத்து வரைந்தார். புகைப்படத்தை வைத்து வரைந்ததும் உண்டு. இன்றைய ஓவியருக்கு ஆள் கிடைப்பதே இல்லை. பரிசு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதால் படத்துக்கு உரியவருக்கே விஷயம் தெரியக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ஃபோட்டோதான் எல்லாம்.

அந்த ஃபோட்டோவின் லட்சணம் தனிக் கதை. கல்யாண வீட்டில் முப்பது பேர் நிற்கும் படத்திலிருந்து வெட்டியெடுத்த, கட்டைவிரல் நகம் அளவு முகம். நாலு பேர் கை மாறி வந்ததில் கண்ணும் புருவமும் ஒன்றாகக் கலந்திருக்கும். இல்லையென்றால் செல்ஃபி. கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெருத்து முன்னால் வரும். காதுகள் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைக் கட்டம் போட்டு அப்படியே கான்வாஸில் ஏற்றினால் கோடு ஒன்றுகூடத் தப்பாது. ஆள்தான் தப்பிவிடுவார்.

செல்ஃபியில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. முன்பக்கக் கேமரா, கண்ணாடி காட்டுவது போல இடத்தை வலமாக்கிக் காட்டுகிறது. சில ஃபோன்கள் படத்தை அப்படியே சேமித்தும் வைக்கின்றன. வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போய்விடும். தெற்கத்திப் பெண்கள் பெரும்பாலும் வலது பக்கம் குத்திக்கொள்ளும் மூக்குத்தி, வடக்கத்திப் பெண்ணினுடையதைப் போல இடது பக்கம் மின்னும். அனுபவம் உள்ள ஓவியர் முதலில் முந்தானையைப் பார்ப்பார். அது வலது தோளில் விழுந்தால் படம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். குஜராத்திக் குடும்பமாக இருந்தால் அந்தச் சோதனையும் உதவாது. அங்கே பல்லுவை வலது தோள் வழியாகத்தான் முன்னால் கொண்டுவருவார்கள். ஆண்களென்றால் சட்டைப் பொத்தானைப் பார்க்கலாம். நைட்டியோ டி-ஷர்ட்டோ போட்டிருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

ஃபோனின் மறுமுனையில் திடீரென்று சத்தம் இருக்காது. முப்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பதில் வராது. வகிடு நேரா, கோணலா? பொட்டு புருவங்களுக்கு நடுவிலா, சற்று மேலேயா? சிரித்தால் பல் தெரியுமா, உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பாரா? "ஒரு நிமிஷம், தங்கச்சியைக் கேட்டுச் சொல்றேன்" என்று பேச்சு முடியும். பெற்ற தாயின் முகத்தைப் பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள வித்தியாசம், முன்பணம் கொடுத்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அம்மாவுக்குத் தன் முகம் தெரிவது கண்ணாடி வழியாக. பிள்ளைக்குத் தெரிவது நேராக. எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு புருவம் உயர்ந்திருக்கும், வாயோரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஆகவே பிள்ளைக்கு "அச்சு அசல் அம்மாதான்" என்று தோன்றும் படம் அம்மாவுக்கு ஏதோ சரியில்லாதது போல இருக்கும். "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ மாதிரி இருக்கு" என்பார். ஓவியர் எதையும் தப்பாக வரைந்திருக்க மாட்டார்.

ஓவியப் பள்ளியில் சொல்லித் தருவது அளவும் ஒளியும் நிழலும். வீட்டுக்காரர்கள் கேட்பது ஜாடை. அளவெல்லாம் சரியாக இருந்தும் ஜாடை வராத படங்கள் உண்டு. கை தடுமாறி வரைந்ததில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. கீழ் இமையின் தடிப்பு, மேலுதட்டுக்கு மேல் விழும் சின்ன நிழல், தலை சாய்ந்திருக்கும் கோணம் என்று நாலைந்து இடங்களில்தான் ஒரு மனிதர் குடியிருக்கிறார். அந்த இடங்களைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் ஃபோட்டோ அல்ல, கேட்டு வாங்கும் பேச்சு.

இதையெல்லாம் தாண்டினாலும் ஒரு பழைய பயம் வாசலில் நிற்கிறது. நம் வீடுகளில் சுவரில் பெரிதாக மாட்டப்படும் முகம் பெரும்பாலும் போய்விட்டவருடையது. சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு பல்பு. உயிரோடு இருக்கிற எழுபது வயது அப்பாவுக்கு ஃப்ரேம் போட்ட உருவப்படத்தைத் தீபாவளிப் பரிசாக நீட்டினால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை முழுவதும் மறைந்துவிடவில்லை. அதனால் விஷயம் தெரிந்த ஓவியர்கள் உயிரோடு இருப்பவரை மார்பளவில், நேராகப் பார்த்தபடி, வெற்றுப் பின்னணியில் வரைவதைத் தவிர்க்கிறார்கள். அது மாலைக்கென்றே அளவெடுத்த படம். அப்பாவைச் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்க வைத்தால், அம்மாவைத் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தால் யாருக்கும் கெட்ட நினைப்பு வராது. வேலை செய்கிறவருக்கு யாரும் மாலை போடுவதில்லை.

ராஜஸ்தானின் நாத்துவாரா இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. ஸ்ரீநாத்ஜி கோவிலில் திருவிழாவுக்குப் பணம் கட்டி வழிபாடு நடத்தும் குடும்பங்கள், அந்த நாளின் நினைவாக மனோரதப் படம் எழுதி வாங்குவது வழக்கம். நடுவில் கையை உயர்த்தியபடி கரிய ஸ்ரீநாத்ஜி. இரண்டு பக்கமும் கை கூப்பியபடி சேட்டும் சேட்டின் குடும்பமும். கேமரா வந்த பிறகு முகங்களை மட்டும் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டி, மேலே வண்ணம் தீட்டிச் சேர்த்துவிட்டார்கள். உடம்பு ஓவியருடையது, தலை ஸ்டூடியோவுடையது. கடவுளின் பக்கத்தில் நிற்பதால் உயிரோடிருப்பவர் படம் என்ற கூச்சம் எழவில்லை.

இறந்தவர்களின் படம் வேறு விதமான வேலை. சில பாட்டிகளுக்கு இருக்கும் ஒரே தனிப்படம் வாக்காளர் அட்டையில் இருப்பது. சிலருக்கு அதுவும் இல்லை. உயிர் போன பிறகு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த படம் மட்டும் இருக்கும். அதில் கண்ணைத் திறக்க வேண்டியது ஓவியரின் பொறுப்பு. மகளை எதிரே உட்கார வைத்து, அவள் கண்ணைப் பார்த்துத் தாயின் கண்ணை வரைவார்கள். இப்போது அதிகம் கேட்கப்படுவது சேர்ப்புப் படம். தாத்தா போன பிறகு பிறந்த பேரனைத் தாத்தா மடியில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு ஃபோட்டோவிலும் வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து வரும், தாத்தா கறுப்பு வெள்ளையில் இருப்பார். வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடலாம். நிறத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கும். "தாத்தா மாநிறமா, கறுப்பா?" என்று கேட்டால் ஒரே குடும்பத்தில் மூன்று பதில் வரும். சிவப்பு என்று அடித்துச் சொல்கிறவர் பெரும்பாலும் மருமகனாக இருப்பார்.

நாய், பூனைகளை வரைவதில் இந்த வம்பு குறைவு என்று நினைத்தால் தவறு. முகத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் ஓவியர்களிடம் நாயும் ஒரு தலைதான். இதுவும் இங்கே புதிதல்ல. 1830, 40களில் கல்கத்தாவின் கரயா பகுதியைச் சேர்ந்த ஷேக் முகமது அமீர், வெள்ளைக்காரர்களின் குதிரை, வண்டி, நாய், வீடு ஆகியவற்றை வரைந்து பிழைத்தவர். குதிரைக்காகப் பணம் கொடுத்தார்கள். கடிவாளம் பிடித்த ஊழியரும் கூடவே படத்துக்குள் வந்துவிட்டார். 2019 டிசம்பரில் லண்டனின் வாலஸ் கலெக்ஷனில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த இந்திய ஓவியர்களின் கண்காட்சி தொடங்கியபோது அமீரின் படங்களும் அதில் இருந்தன.

பண்டிகைப் பரிசாக நாய்ப் படம் என்றால் பேர் பெற்றது 1841இல் எட்வின் லாண்ட்சீர் வரைந்தது. விக்டோரியா ராணி, கணவர் ஆல்பர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக ரகசியமாக ஏற்பாடு செய்த படம். ஜெர்மனியிலிருந்து ஆல்பர்ட் தன்னோடு கொண்டுவந்த ஈயோஸ் என்ற கிரேஹவுண்ட் பெண் நாய் அதில் நிற்கிறது. எஜமானர் படத்தில் இல்லை. அவருடைய தொப்பியும் கையுறையும் மட்டும் இருக்கின்றன. ஈயோஸ் கறுப்பு நாய். கறுப்பு நாயை வரைகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஃபோட்டோவில் அது ஒரு ஓட்டை போல விழும். கண் எங்கே, காது எங்கே என்று தேட வேண்டும். லாண்ட்சீர் பின்னால் சிவப்பு விரிப்பை வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில், 1844இல் ஈயோஸ் செத்துப்போனது. படம் இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நாய்க்காரர்கள் ஜாடையில் மனிதர்களைவிடக் கறார். லாப்ரடாரை லாப்ரடாராக வரைந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள்; தங்கள் லாப்ரடாராக இருக்க வேண்டும். இடது காது மடிந்திருக்கும், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைத் தழும்பு, கீழ்ப்பல் ஒன்று வெளியே தெரியும். நின்றபடி மேலிருந்து எடுத்த ஃபோட்டோவில் தலை பெரிதாகவும் கால்கள் சிறிதாகவும் வரும். தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுத்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்கும்போது, "அது போய் இரண்டு மாதம் ஆகிறது" என்று பதில் வந்தால் ஓவியர் வேறு எதுவும் கேட்காமல் இருப்பதை வைத்துச் சமாளிப்பார்.

இனி எண்ணெய் வண்ணத்தின் பிடிவாதம். அது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. கையில் ஒட்டாமல் வர நாள் கணக்கில் ஆகும். வெள்ளையைத் தடிப்பாகப் பூசினால் வாரக் கணக்கு. வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். சென்னையில் ஆர்டர் குவிவதோ வடகிழக்குப் பருவமழை நேரத்தில். சரியாகக் காயாத கான்வாஸைக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி கூரியரில் அனுப்பினால், பிரிக்கும்போது அம்மாவின் கன்னம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். சனிக்கிழமை கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் காயும் அக்ரிலிக்கையோ பென்சிலையோ சொல்வதுதான் இரண்டு தரப்புக்கும் நல்லது.

சனிக்கிழமை என்ன, இந்த நிமிடமே தருகிறேன் என்கிறது ஃபோன். 2025 மார்ச்சில் குடும்பப் படங்களை ஜப்பானிய கார்ட்டூன் பாணியில் மாற்றும் மோகம் ஒரு வாரத்தில் உலகைச் சுற்றி வந்தது. எண்ணெய் ஓவியம் போல மாற்றித் தரச் சொன்னாலும் தரும். சினிமா பேனர் எழுதியவர்கள் இதை ஒரு முறை பார்த்துவிட்டார்கள். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபோது அண்ணா சாலையிலிருந்து அவர்களுடைய தூரிகை இறங்கியது. அதில் சிலர் பிழைப்புக்காகத் திரும்பியதும் உருவப்படத்தின் பக்கம்தான். இப்போது அங்கேயும் போட்டி. கம்ப்யூட்டர் தரும் முகம் அழகாகவே இருக்கிறது. மச்சத்தை அழுக்கென்று துடைத்துவிடுகிறது, மேலெழும்பிய பல்லை உள்ளே தள்ளிவிடுகிறது. கேட்டது கேட்ட நிமிடத்தில் கொடுக்கிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை.

அப்படி நிறுத்திக் கேட்கப்பட்ட பிள்ளைகள் தங்கைக்கு ஃபோன் செய்வார்கள். தங்கைக்கும் உறுதியாகத் தெரியாது. கடைசியில், ரகசியம் உடையாமல் இருக்க ஏதோ ஒரு சாக்கு வைத்து, அம்மாவுக்கே வீடியோ கால். சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று இரண்டு நிமிடம் ஓடும். பேச்சு தீர்ந்த பிறகும் பிள்ளை ஃபோனை வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடா, இன்னிக்கு அப்படிப் பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."