ஓடும் சர்வரில் பில்ட்வேர்ல்ட்: பயப்பட வேண்டியது எதற்கு?

"ஓடுகிற சர்வரில் ஓஎஸ்ஸை சோர்ஸிலிருந்து அப்டேட் செய்யாதே, பாதியில் சொதப்பினால் மெஷின் போச்சு." சிஸ்டம் அட்மின்கள் பலருக்கு இது வேதவாக்கு. ஃப்ரீபிஎஸ்டியைப் பொறுத்தவரை இந்த வாதம் நிற்காது.

கம்பைல் பாதியில் நின்றால் சிஸ்டம் உடையும் என்கிறார்கள். உடையாது. கம்பைல் கட்டளைகளான பில்ட்வேர்ல்டும் பில்ட்கெர்னலும் எழுதுவதெல்லாம் /யூஎஸ்ஆர்/ஓபிஜே அடைவுக்குள்தான்; ஓடும் சிஸ்டத்தின் ஒரு ஃபைலையும் தொடுவதில்லை. நின்றால் காரணத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டலாம். சிபியூ திணறும் என்றால் வேறொரு மெஷினில் கம்பைல் செய்து, என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் செய்து, இன்ஸ்டாலை மட்டும் இங்கே நடத்தலாம்.

இன்ஸ்டாலுக்கு சிங்கிள் யூசர் மோட் வேண்டும், தொலைவிலிருந்து முடியாது என்பது அடுத்த வாதம். இசட்எஃப்எஸ் இருந்தால் அதற்கும் வழி உண்டு. பிஇசிடிஎல் மூலம் ஓடும் சிஸ்டத்தின் நகலாகப் புதிய பூட் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி, /எம்என்டியில் மவுன்ட் செய்து, டெஸ்ட்டிர் கொடுத்து கெர்னலையும் வேர்ல்டையும் அதற்குள்ளேயே இன்ஸ்டால் செய்யலாம். சர்வர் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பிறகு 'ஆக்டிவேட் -டி' கொடுத்தால் புதியது ஒரே ஒருமுறைதான் பூட் ஆகும். அது தொங்கிப்போனாலும், பவரை அணைத்துப் போட்டால் பழையதே எழுந்து வரும்.

/இடிசி ஃபைல்கள் அழிந்துவிடும் என்பதும் தவறு. இடிசிஅப்டேட் உங்கள் மாற்றங்களோடு இணைத்துத்தான் எழுதும். முரண்பாடு வந்தால் நீங்கள் தீர்க்கும்வரை உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும்.

உண்மையான ஆபத்துகள் வேறு. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இன்ஸ்டாலர் தரும் வழக்கமான இசட்எஃப்எஸ் அமைப்பில் /விஏஆர்/டிபி பூட் என்விரான்மென்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. டேட்டாபேஸும் அங்கேயே இருந்தால், நகல் எடுத்த பிறகு வந்த பதிவுகள் பழையதிலேயே தங்கிவிடும். புதியதில் பூட் ஆன சர்வர் நன்றாகவே ஓடும். வாடிக்கையாளரின் காலை ஆர்டர்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். டேட்டாபேஸைத் தனி டேட்டாசெட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். இன்னொன்று: மேஜர் வெர்ஷன் மாறும்போது, பேக்கேஜ்களை எல்லாம் புதுப்பிக்கும் முன்பே டெலீட்-ஓல்ட்-லிப்ஸ் ஓட்டினால், பழைய லைப்ரரியை நம்பியிருக்கும் புரோகிராம்கள் எழாது. பில்ட்வேர்ல்ட் ஓட்டும் முன் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சியில் உள்ள அப்டேட்டிங் ஃபைலைப் படிக்காமல் விடுவதும் இதே வகை.

யூஎஃப்எஸ் டிஸ்க், கன்சோல் இல்லை, பேக்கப்பும் இல்லை என்ற சர்வருக்கு அவர்கள் சொல்வது சரிதான். அதில் நானும் கைவைக்க மாட்டேன்.