மினி கூப்பர் ஏன் இன்னும் பிடிக்குது?

1/ 1964 மான்டி கார்லோ ராலி. பெரிய இன்ஜின் கார்களுக்கு நடுவுல வெறும் 1071 சிசி மினி கூப்பர் எஸ் ஜெயிச்சுது. எடை குறைவு, நாலு மூலையிலயும் சக்கரம், வளைவுல நல்ல பிடிப்பு.

2/ தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுறதால 60-லயே வேகம் உடம்புக்குத் தெரியும். அறுபது வருஷம் கழிச்சும் அந்த ஆசை போகாததுக்குக் காரணம் அதுதான்.

3/ இப்போ செஞ்சிக் கோட்டையைத் தாண்டி திருவண்ணாமலை ரோட்டுல போற பெரிய வண்டிகளைப் பாருங்க. 110-ல போனாலும் உள்ளே சத்தமே இருக்காது. வேகம் இரட்டிப்பானா மோதுற ஆற்றல் நாலு மடங்கு. அதை நாங்க கேஷுவாலிட்டியில பார்க்குறோம்.

4/ பாதுகாப்புல இன்னைக்கு வண்டிதான் மேல்; பழைய மினியில ஏர்பேக் கிடையாது. ஆனா வேகத்தை அது மறைக்காது. உங்க வண்டி மறைக்குதுன்னா, மீட்டரைப் பார்த்து ஓட்டுங்க.